புல்லுக்கு அடித்த மருந்து

ஓரறிவு உயிரும் ஆறறிவு உயிரும்

தாவரங்களுக்கும் உயிர் உண்டு என்பது தமிழருக்குப் புதிய செய்தி அன்று. தொல்காப்பியம் தன் மரபியலில் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகைப்படுத்துகிறது. புல்லும் மரமும் அதில் முதல் படியில் இருக்கின்றன. தொட்டால் உணரும் அறிவு மட்டுமே உடையவை அவை என்பது அந்நூலின் கணிப்பு. மனிதன் ஆறாம் படியில் நிற்கிறான். இவ்விரு படிகளுக்கும் இடையே மிகப் பெரிய தூரம் இருப்பதாகவே நாம் நினைக்கிறோம். ஆனால், உயிரணு என்னும் அளவுக்கு இறங்கிப் பார்த்தால் அந்தத் தூரம் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. புல்லைக் கொல்வதற்காகச் செய்யப்பட்ட ஒரு நஞ்சு, அதைத் தெளித்த மனிதரின் உடலையும் ஏன் பாதித்தது என்னும் கேள்விக்கு விடை அங்கேதான் கிடைக்கிறது.

அந்த நஞ்சின் பெயர் பாராகுவாட். ‘கிராமொக்சோன்’ என்னும் அதன் வணிகப் பெயர், தோட்டப்புறத்தில் வளர்ந்த நம் பெற்றோர் பலருக்குப் பழக்கமானது. 1960களின் தொடக்கத்தில் உலகச் சந்தைக்கு வந்த இந்தக் களைக்கொல்லி, 2020 ஜனவரி 1ஆம் நாள் மலேசியாவில் முற்றாகத் தடை செய்யப்படும் வரை, ரப்பர்த் தோட்டங்களிலும் செம்பனைத் தோட்டங்களிலும் பெருமளவில் பயன்படுத்தப்பட்டது. நச்சு வேதிப்பொருள்கள் தாவர உயிரணுவை எவ்வாறு பாதிக்கின்றன என்பதை விளக்குவதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு இது. நம் சமூகத்திற்கு மிக நெருக்கமான எடுத்துக்காட்டும் இதுவே.

தோட்டத்தில் அதன் பெயர் ‘மருந்து’

கிள்ளான், காப்பார், பந்திங், கேரித் தீவு, கோல சிலாங்கூர் எனக் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் அதன் ஓரங்களிலும் ஒரு காலத்தில் தோட்டங்களே நிறைந்திருந்தன. இன்றைய புத்ராஜெயா நகரம்கூடப் பிராங் புசார் முதலிய தோட்டங்கள் இருந்த நிலத்தில்தான் எழுந்தது. பால்மரம் வெட்டுவதும் செம்பனைக் குலை அறுப்பதும் எல்லாருக்கும் தெரிந்த வேலைகள். இவற்றோடு இன்னொரு வேலையும் ஓயாமல் நடந்தது. அதுதான் புல்லை அழிக்கும் வேலை. வெயிலும் மழையும் மாறி மாறி வரும் நம் நாட்டில் லாலான் போன்ற புற்களைச் சில வாரங்கள் கவனிக்காமல் விட்டால் போதும். மரத்திற்குப் போட்ட உரத்தையும் நீரையும் அவை பங்கு போட்டுக்கொள்ளும்.

இந்தப் புல்லை அழிக்க, 16 முதல் 20 லிட்டர் வரை கொள்ளும் பம்பை முதுகில் சுமந்துகொண்டு நிறை நிறையாக நடந்து மருந்து அடித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களுள் மிகப் பலர் தமிழ்ப் பெண்கள்.

இங்கே ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும். நாட்டின் சட்டம் இப்பொருள்களை ‘ராச்சுன்’, அதாவது நஞ்சு, என்றே அழைக்கிறது. 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின் மலாய்ப் பெயரே ‘அக்தா ராச்சுன் மக்லுக் பெரோசாக்’ என்பதாகும். நம் மக்களோ அதை ‘மருந்து’ என்றார்கள். ‘மருந்தடிக்கப் போகிறேன்’, ‘மருந்து கலக்குகிறேன்’ என்பதே அன்றாடப் பேச்சு. காய்ச்சலுக்குக் குடிப்பதும் மருந்து, புல்லுக்கு அடிப்பதும் மருந்து. சொல் ஒன்றாக இருந்ததால் அச்சமும் குறைந்திருக்கலாம். ஆகவே, இந்த ‘மருந்து’ உண்மையில் என்ன செய்தது என்பதை உயிரணுவுக்குள் சென்று காண்போம்.

இலைக்குள் நடக்கும் கைமாற்று

தமிழ்ப்பள்ளியில் ஒளிச்சேர்க்கை என்றும், இடைநிலைப்பள்ளியில் ஃபோத்தோசிந்தேசிஸ் என்றும் படித்ததை ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்வோம். இலையின் உயிரணுக்களில் பசுங்கணிகங்கள் உள்ளன. அவற்றில் இருக்கும் பச்சையம் சூரிய ஒளியைப் பிடிக்கிறது. நீரும் கரிவளியும் சேர்ந்து மாவுப்பொருள் உருவாகிறது, உயிர்வளி வெளியேறுகிறது. தேர்வுக்கு இந்த அளவு போதும். நம் கேள்விக்கு விடை காண இன்னும் ஒரு படி உள்ளே போக வேண்டும்.

ஒளியின் ஆற்றல் பச்சையத்தில் விழுந்ததும் நீர் மூலக்கூறு பிளக்கப்பட்டு எலக்ட்ரான்கள் விடுபடுகின்றன. இந்த எலக்ட்ரான்கள் பசுங்கணிகத்தின் மென்சவ்வில் அமைந்துள்ள புரதங்களின் வழியே ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கைமாறிச் செல்கின்றன. கிணற்றடியிலிருந்து வீடு வரை ஆட்கள் வரிசையாக நின்று தண்ணீர்க் குடத்தைக் கைமாற்றுவதைப் போன்றது இது. வரிசையின் கடைசியில் இருப்பது ‘ஒளித்தொகுதி ஒன்று’ எனப்படும் அமைப்பு. அங்கு மீண்டும் ஒளியின் ஆற்றலைப் பெறும் எலக்ட்ரான், கரிவளியை உணவாக மாற்றும் வேலைக்கு அனுப்பப்படுகிறது. நாம் உண்ணும் சோறும், ரப்பர்ப் பாலும், செம்பனை எண்ணெயும் இந்தக் கைமாற்றிலிருந்தே தொடங்குகின்றன.

பாராகுவாட் செய்யும் திருட்டு

பாராகுவாட் களைக்கொல்லியாகப் பிறந்த பொருள் அன்று. அது 1882ஆம் ஆண்டிலேயே ஆய்வகத்தில் உருவாக்கப்பட்டது. 1930களில் வேதியியலாளர்கள் அதை ஒரு நிறங்காட்டியாகப் பயன்படுத்தினார்கள். நிறமற்ற அந்தக் கரைசல் ஓர் எலக்ட்ரானைப் பெற்றதும் நீல நிறமாக மாறும். காற்று பட்டதும் அந்த எலக்ட்ரானை உயிர்வளியிடம் கொடுத்துவிட்டு மீண்டும் நிறமற்றதாகிவிடும். வாங்குவதும் உடனே கொடுப்பதுமே அதன் இயல்பு. 1955ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவன ஆய்வாளர்கள், இதே இயல்பு பச்சை இலையைக் கொல்லும் என்று கண்டறிந்தனர்.

இலையின் மேல் தெளிக்கப்பட்ட பாராகுவாட் விரைவாக உட்புகுந்து பசுங்கணிகத்தை அடைகிறது. அங்கு ஒளித்தொகுதி ஒன்றின் அருகில் நின்று, உணவு தயாரிக்கப் போக வேண்டிய எலக்ட்ரானைத் தட்டிப் பறிக்கிறது. பறித்ததைத் தானே வைத்துக்கொண்டாலும் கேடு குறைவாக இருந்திருக்கும். ஆனால், அது தன் பழைய இயல்புப்படி எலக்ட்ரானை அருகிலுள்ள உயிர்வளியிடம் கொடுத்துவிடுகிறது. கூடுதலாக ஓர் எலக்ட்ரானைப் பெற்ற உயிர்வளி, ‘சூப்பராக்சைடு’ என்னும் கொந்தளிப்பான பொருளாக மாறுகிறது. அதிலிருந்து ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகிறது. உயிரணுவில் உள்ள இரும்பின் துணையால் அதிலிருந்து இன்னும் கொடிய ‘ஹைட்ராக்சில்’ உறுப்பு பிறக்கிறது. இது தன் அருகில் உள்ள எதையும் விட்டுவைப்பதில்லை.

முதலில் சேதமடைவது சவ்வுகள். உயிரணுவைச் சுற்றியும் அதன் உட்பகுதிகளைச் சுற்றியும் உள்ள சவ்வுகள் கொழுப்புப் பொருளால் ஆனவை. திறந்து வைத்த எண்ணெய் நாள்பட்டு சிக்கு வாடை அடிப்பதை அறிவோம். உயிர்வளி கொழுப்பைச் சிதைப்பதால் வரும் மாற்றம் அது. எண்ணெயில் பல மாதங்களில் நடப்பது, பாராகுவாட் பட்ட இலையில் சில மணி நேரத்தில் நடந்துவிடுகிறது. சவ்வு ஓட்டையாகி உயிரணுவின் சாறு கசிகிறது. இலை வாடித் துவண்டு, ஓரிரு நாளில் தீயில் வாட்டியதுபோல் பழுப்பாகக் கருகிவிடுகிறது.

இதில் மூன்று செய்திகள் குறிப்பிடத்தக்கவை. முதலாவது, எலக்ட்ரானைக் கொடுத்த பாராகுவாட் மூலக்கூறு அழிவதில்லை. மீண்டும் வெறுங்கையோடு வந்து அடுத்த எலக்ட்ரானைப் பறிக்கிறது. ஆகவே, சிறிதளவு நஞ்சே பெருஞ்சேதம் விளைவிக்கும். இரண்டாவது, ஒளி இல்லையேல் எலக்ட்ரான் ஓட்டமும் இல்லை. இருட்டில் வைத்த செடி உடனே கருகுவதில்லை. விடிந்து வெயில் பட்டதும் கருகத் தொடங்கும். செடி எந்த வெயிலால் வாழ்கிறதோ அதே வெயிலை அதற்கு எதிராகத் திருப்பிவிடுவதுதான் இந்நஞ்சின் வேலை. மூன்றாவது, இது பட்ட இடத்தை மட்டுமே கொல்லும், வேருக்கு இறங்குவதில்லை. அதனால் லாலான் மண்ணுக்கடியில் உள்ள தண்டிலிருந்து மீண்டும் தளிர்க்கும். மீண்டும் மருந்தடிக்க வேண்டும். அந்தப் பெண்களும் மீண்டும் மீண்டும் அதே நிறையில் நடக்க வேண்டும்.

தோட்ட நிர்வாகங்கள் இதை விரும்பியதற்கும் இந்த இயல்புகளே காரணம். முற்றிய மரத்தின் பழுப்புப் பட்டையில் பசுங்கணிகம் இல்லாததால் மரத்திற்குச் சேதமில்லை. தெளித்த அரை மணி நேரத்தில் மழை பெய்தாலும் வேலை கெடாது. மண்ணில் விழுந்தால் களிமண் துகள்களோடு இறுகப் பிணைந்து செயலிழந்துவிடும். விலையும் மலிவு.

தாவரத்தின் தற்காப்பு

தாவரம் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதில்லை. வெயிலோடும் உயிர்வளியோடும் நாள் முழுதும் புழங்கும் இலையில், பாராகுவாட் இல்லாதபோதும் சிறிதளவு சூப்பராக்சைடு உண்டாகிக்கொண்டே இருக்கிறது. அதைத் தணிக்க இலையிடம் நொதிகள் உள்ளன. சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ் என்னும் நொதி சூப்பராக்சைடை ஹைட்ரஜன் பெராக்சைடாக மாற்றும். வைட்டமின் சியின் துணையோடு இயங்கும் வேறு நொதிகள் அதையும் வெறும் நீராக்கிவிடும். சவ்வுக்குள் வைட்டமின் ஈ காவல் நிற்கிறது. நாம் கீரை உண்ணும்போது கிடைக்கும் வைட்டமின்கள் பல, முதலில் அந்தக் கீரை தன்னைக் காத்துக்கொள்வதற்காக வைத்திருந்தவையே. சிறு பொறிகளை அணைக்க இந்தக் காவல் போதும். பாராகுவாட் மூட்டும் தீயோ இந்தக் காவலின் அளவை மிஞ்சிவிடுகிறது.

நகரத்து இலைகளும் தப்பவில்லை

இத்தகைய தீயை மூட்டுவது களைக்கொல்லி மட்டுமன்று. தோட்டத்தோடு தொடர்பே இல்லாத, சாலையோரத்து மரங்களின் இலைகளிலும் இது மூளுகிறது. வாகனங்களும் ஆலைகளும் கக்கும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் எரிபொருள் ஆவிகளும் கடும் வெயிலில் வினைபுரிந்து ஓசோன் வளியை உண்டாக்குகின்றன. வானத்தின் உயரத்தில் இருக்கும்போது நம்மைக் காக்கும் அதே ஓசோன், தரையருகில் இருக்கும்போது நஞ்சாகிறது. கிள்ளான் பள்ளத்தாக்கில் வெயில் மிகுந்த பிற்பகல்களில் இதன் அளவு உயர்கிறது. உணவு தயாரிப்பதற்காக இலை தன் இலைத்துளைகளைத் திறந்து கரிவளியை வாங்கும்போது ஓசோனும் உடன் நுழைந்துவிடுகிறது. ஈரமான உயிரணுச் சுவரைத் தொட்டதும் அது பாராகுவாட் உண்டாக்கியதைப் போன்ற கொந்தளிப்பான உயிர்வளிப் பொருள்களாக மாறிச் சவ்வுகளைத் தாக்குகிறது.

புகைமூட்டத்தின் விளைவு சற்று வேறு. 2005 ஆகஸ்டு 11ஆம் நாள் கிள்ளான் துறைமுகத்திலும் கோல சிலாங்கூரிலும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500ஐத் தாண்டியதால் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. பள்ளிகள் மூடப்பட்டன, மக்கள் முகக்கவசம் அணிந்தனர். இலைகளுக்கு முகக்கவசம் இல்லை. புகை சூரிய ஒளியை மறைத்து ஒளிச்சேர்க்கையைக் குறைக்கிறது. நுண்துகள்கள் இலையின் மேல் படிந்து இலைத்துளைகளை அடைக்கின்றன. ஆக, நகரமோ தோட்டமோ, காற்றிலும் நீரிலும் நாம் கலப்பது இலையின் உயிரணு வரை சென்று சேர்கிறது.

மனித உயிரணுவில் நடந்தது

இனி நாம் தொடங்கிய கேள்விக்கு வருவோம். நம் உடலில் பசுங்கணிகம் இல்லை. ஒளிச்சேர்க்கையும் இல்லை. அப்படியானால் பாராகுவாட் நம்மை ஏன் தாக்க வேண்டும்?

பாராகுவாட்டுக்குத் தேவை பசுங்கணிகம் அன்று. எளிதில் பறிக்கக்கூடிய எலக்ட்ரானும் பக்கத்தில் உயிர்வளியும் இருந்தால் போதும். உயிருள்ள எல்லா அணுக்களிலும் எலக்ட்ரான் கைமாற்று நடக்கிறது. இலையில் அதை ஒளி தொடங்கி வைக்கிறது. நம் உடலில் நாம் உண்ட உணவு தொடங்கி வைக்கிறது. மனித உயிரணுக்களில் உள்ள சில நொதிகள் பாராகுவாட்டுக்கு எலக்ட்ரானைக் கொடுத்துவிடுகின்றன. அதன்பின் நடப்பது இலையில் நடந்ததே: சூப்பராக்சைடு, பெராக்சைடு, ஹைட்ராக்சில், சவ்வுச் சிதைவு.

உடலுக்குள் போன நஞ்சு இரத்தத்தின் வழியே எல்லா உறுப்புகளுக்கும் செல்கிறது. ஆனால், நுரையீரலில்தான் அது மிகுதியாகச் சேர்கிறது. நுரையீரலின் சிற்றறை உயிரணுக்கள், தங்களுக்குத் தேவையான பாலிஅமின் என்னும் பொருள்களை இரத்தத்திலிருந்து இழுத்துக்கொள்ளும் ஒரு வழியை வைத்திருக்கின்றன. பாராகுவாட்டின் வடிவம் அவற்றை ஓரளவு ஒத்திருப்பதால், அந்த வழி இதையும் உள்ளே இழுத்துக்கொள்கிறது. உயிர்வளி நிறைந்து நிற்கும் உறுப்பும் நுரையீரல்தான். ஆகவே, தீ அங்கே கொழுந்துவிட்டு எரிகிறது. புண்பட்ட இடம் தழும்பேறி இறுகிவிட, நுரையீரல் விரிய முடியாமல் போகிறது. மூச்சுத் திணறுபவருக்கு உயிர்வளி கொடுப்பது மருத்துவர்களின் வழக்கம். பாராகுவாட் நஞ்சேறியவருக்கு அதைக் கொடுக்கவும் அவர்கள் மிகவும் தயங்க வேண்டியிருக்கிறது. அது எரியும் தீயில் எண்ணெய் ஊற்றுவதாக முடியலாம். இந்நஞ்சுக்கு உறுதியான மாற்று மருந்து இன்று வரை இல்லை.

இது நஞ்சு நேரடியாக வயிற்றுக்குள் போனால் நேர்வது. மருந்தடித்த பெண்களுக்கு நேர்ந்தது பெரும்பாலும் மெதுவான பாதிப்பு. காயமில்லாத தோலின் வழியே பாராகுவாட் மிகக் குறைவாகவே உட்புகும். ஆனால், தோட்ட வேலை செய்பவரின் கையிலும் காலிலும் முள் கீறாத நாள் உண்டா? பம்பு ஒழுகி முதுகும் உடையும் நனைந்தால் மணிக்கணக்கில் அதே ஈரத்தோடு வேலை செய்ய வேண்டும். தெளிப்பின் நுண்துளிகள் மூக்கிலும் கண்ணிலும் படுகின்றன. மூக்கிலிருந்து இரத்தம் வடிதல், கண் எரிச்சல், தோல் புண், நகம் நிறம் மாறிக் கழன்று விழுதல் ஆகியவை இப்படி வந்தவை. கையுறை, காலணி, முகக்கவசம் அணியவேண்டும் என்று புட்டியில் அச்சிடப்பட்டிருந்தது உண்மை. நண்பகல் வெயிலில் இத்தனையும் அணிந்துகொண்டு பம்பைச் சுமந்து நடக்க முடியுமா என்பதை அச்சிட்டவர்கள் நடந்து பார்த்திருக்க வேண்டும்.

எல்லா நஞ்சும் ஒரே வழியில் வருவதில்லை

களைக்கொல்லிகள் அனைத்தும் பாராகுவாட்டைப் போன்றவை என்று முடிவு கட்டுவது சரியன்று. 1940களில் வந்த 2,4-டி என்னும் களைக்கொல்லி, தாவரத்தின் வளர்ச்சி ஊக்கியான ஆக்சினைப் போல நடித்து உயிரணுக்களைக் கட்டுப்பாடின்றி வளரச் செய்கிறது. செடி முறுக்கிக்கொண்டு தன் வளர்ச்சியாலேயே மாள்கிறது. அகன்ற இலைச் செடிகளை இப்படிக் கொல்லும் இது, புல் வகைகளைப் பெரும்பாலும் விட்டுவிடும். 1974இல் சந்தைக்கு வந்த கிளைஃபோசேட், சில அமினோ அமிலங்களைத் தயாரிக்கும் ஒரு நொதியை முடக்குகிறது. புரதம் கட்ட முடியாமல் செடி மெல்ல மெல்லப் பட்டினியால் சாகிறது. அந்த நொதி தாவரங்களிலும் நுண்ணுயிர்கள் பலவற்றிலும் உண்டு. மனித உடலில் இல்லை. நாம் அந்த அமினோ அமிலங்களை உணவிலிருந்தே பெறுகிறோம்.

ஒரு நஞ்சைப் பற்றிக் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதிலிருந்து கிடைக்கிறது. அது தாவர உயிரணுவின் எந்தக் கதவைத் தட்டுகிறது? அந்தக் கதவு நம் உயிரணுவிலும் உண்டா? கிளைஃபோசேட்டின் கதவு நம்மிடம் இல்லை. பாராகுவாட்டின் கதவு நம்மிடம் திறந்தே இருக்கிறது. இக்கேள்வி முதற்கேள்விதான், முடிவான விடை அன்று. கதவு இல்லாவிட்டாலும் வேறு வழிகளில் தீங்கு வரக்கூடும். கிளைஃபோசேட் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியதாக இருக்கலாம் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015இல் வகைப்படுத்தியது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதற்கு மாறான கருத்தைத் தெரிவித்தது. அந்த விவாதம் இன்னும் ஓயவில்லை. பாராகுவாட்டின் கொடுமையைப் பற்றியோ அறிவியலாளரிடையே அப்படியொரு விவாதமே எழவில்லை.

பதினேழு ஆண்டுக் காத்திருப்பு

சுவீடன் 1983இலும் சுவிட்சர்லாந்து 1989இலும் பாராகுவாட்டை விலக்கிவிட்டன. மலேசியாவில் 2002ஆம் ஆண்டு ஐரீன் ஃபெர்னாண்டஸ் தலைமையிலான தெனாகனித்தா அமைப்பும், பினாங்கைத் தளமாகக் கொண்ட ஆசிய பசிபிக் பூச்சிக்கொல்லி எதிர்ப்பு வலையமைப்பும் இணைந்து, நஞ்சூட்டப்பட்டு வாயடைக்கப்பட்டவர்கள் என்று பொருள்படும் தலைப்பில் ஓர் ஆய்வறிக்கையை வெளியிட்டன. தோட்டங்களில் மருந்தடித்த பெண்களின் உடல்நிலையை ஆவணப்படுத்திய அறிக்கை அது. அதே ஆண்டு ஆகஸ்டு மாதம் பாராகுவாட்டைப் படிப்படியாக விலக்கப்போவதாக அரசாங்கம் அறிவித்தது. தோட்டத் துறையும் உற்பத்தியாளர்களும் அதை எதிர்த்தனர். 2006இல் அம்முடிவு கைவிடப்பட்டு, பாராகுவாட் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. மறு ஆண்டே ஐரோப்பிய நீதிமன்றம் ஒன்று, ஐரோப்பிய ஒன்றியத்தில் அதற்கு வழங்கப்பட்டிருந்த அனுமதியை நீக்கித் தீர்ப்பளித்தது. ஆனால், அதன்பிறகும் இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்ட் ஆலையில் செய்யப்பட்ட பாராகுவாட், வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாகிக்கொண்டே இருந்தது. தங்கள் வயல்களுக்கு ஆகாது என்று அவர்கள் ஒதுக்கிய பொருளைப் பிற நாட்டார் வயல்களுக்கு அனுப்புவதில் தடை இருக்கவில்லை.

இலங்கை 2008க்கும் 2011க்கும் இடையே பாராகுவாட்டையும் வேறு இரு பூச்சிக்கொல்லிகளையும் படிப்படியாக விலக்கியது. அதற்கு அந்நாடு முதன்மையாகச் சொன்ன காரணம் தற்கொலை. மன உளைச்சலின் ஒரு நொடியில் கைக்கு எட்டும் பொருள் இத்தகைய நஞ்சாக இருந்தால், பிறகு மனம் மாறினாலும் உயிரை மீட்க வழியில்லை. தடைக்குப் பின் அங்கு தற்கொலை மரணங்கள் குறைந்தன. நெல் விளைச்சலில் அதனால் வீழ்ச்சி ஏற்படவில்லை. ‘இந்த மருந்து இல்லாவிட்டால் விவசாயம் நடக்காது’ என்னும் வாதத்திற்கு இதைவிடத் தெளிவான பதில் வேண்டியதில்லை. நம் தோட்டப்புறக் குடும்பங்கள் சிலவற்றுக்கும் இந்த இழப்பு புதிதன்று.

மலேசியாவில் முழுத் தடை நடைமுறைக்கு வந்தது 2020 ஜனவரி 1ஆம் நாள். 2002இல் பிறந்த குழந்தைகள் 2019இல் எஸ்.பி.எம். தேர்வு எழுதினார்கள். அறிவிப்புக்கும் தடைக்கும் இடையே இருந்த காலம் அவ்வளவு. ஐரீன் ஃபெர்னாண்டஸ் 2014இல் காலமாகிவிட்டார். இத்தடையைக் காண அவர் இல்லை.

புல் தப்பித்துக்கொண்டது

இந்தக் கதையில் ஒரு முரண் உண்டு. யாரைக் கொல்ல இத்தனை நஞ்சும் தெளிக்கப்பட்டதோ, அந்தப் புல் தப்பித்துக்கொண்டது. நம் கேழ்வரகுக்கு மிக நெருங்கிய உறவான ஒரு புல்லை மலாயில் ‘ரும்புட் சம்பாவ்’ என்பர். சாலையோரத்திலும் பள்ளித் திடலிலும் பரவிக் கிடக்கும் சாதாரணப் புல் அது. ஒரே மருந்தை ஆண்டுக்கணக்கில் தெளிக்கும்போது, இயற்கையாகவே தாங்குதிறன் கொண்ட சில செடிகள் மட்டும் பிழைத்து விதை போடும். அடுத்த தலைமுறையில் அவையே பெருகும். இப்படி 1990ஆம் ஆண்டளவிலேயே பாராகுவாட்டைத் தாங்கும் சம்பாவ் புல் மலேசியாவில் கண்டறியப்பட்டது. 1997இல் தெலுக் இந்தானில் கிளைஃபோசேட்டையும் தாங்கும் புல் தென்பட்டது. அதன் நொதியில் ஓர் அமினோ அமிலம் மாறியிருந்ததால் களைக்கொல்லியால் அங்கே சரியாகப் பிணைய முடியவில்லை. 2015இல் வெளியான ஆய்வு ஒன்று, பாராகுவாட், கிளைஃபோசேட் உள்ளிட்ட நான்கு வகைக் களைக்கொல்லிகளையும் ஒருசேரத் தாங்கி நிற்கும் மலேசியச் சம்பாவ் புல்லை விவரிக்கிறது.

ஆண்டுக்குப் பல தலைமுறை காணக்கூடிய புல்லுக்கு இது முடிந்தது. மனித நுரையீரலுக்கு அப்படித் தாங்குதிறன் வரப்போவதில்லை. புல் பழகிக்கொண்ட பிறகும் மருந்தடித்த பெண் பழைய உடலோடுதான் நிறையில் நடந்தாள்.

நாம் செய்யக்கூடியவை

பாராகுவாட் தடை செய்யப்பட்டதோடு எல்லாம் முடிந்துவிடவில்லை. தோட்டங்களில் வேறு களைக்கொல்லிகள் அதன் இடத்திற்கு வந்துள்ளன. பம்பைச் சுமக்கும் தோள்களும் மாறியுள்ளன. இன்று இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்த தொழிலாளர்கள் அந்த வேலையைச் செய்கிறார்கள். நம் பாட்டிமார் இருந்த இடத்தில் இன்று அவர்கள் இருக்கிறார்கள் என்பதை நாம் மறக்கலாகாது. மாற்று வழிகளும் உள்ளன. முக்குனா போன்ற மூடுபயிர்களை வளர்த்துக் களையை அடக்கலாம். மரத்தடியில் மாடுகளை மேயவிடலாம். இயந்திரத்தால் புல் வெட்டலாம். இவை பல தோட்டங்களில் நடைமுறையில் உள்ளவையே.

நம் அளவில் செய்யக்கூடியவையும் உண்டு. தோட்டப்புறத்திலிருந்தோ கம்பத்திலிருந்தோ வந்த மாணவர்கள், வீட்டின் பின்புறத்துக் கொட்டகையில் பெயர்ச்சீட்டு இல்லாத பழைய புட்டி ஏதேனும் இருக்கிறதா என்று விடுமுறையில் பார்க்கலாம். இருந்தால் அதைக் கால்வாயில் ஊற்றிவிடாமல், எப்படி அப்புறப்படுத்துவது என்று வேளாண்மைத் துறையிடம் கேட்க வேண்டும். குளிர்பானப் புட்டியில் களைக்கொல்லியை ஊற்றி வைக்கும் பழக்கத்தை அறவே நிறுத்தச் சொல்ல வேண்டும். யாருக்கேனும் நஞ்சு பட்டுவிட்டால், அறிகுறி தோன்றும் வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். பாராகுவாட் போன்றவை முதல் ஓரிரு நாள் அமைதியாக இருந்துவிட்டுப் பிறகு வேலையைக் காட்டக்கூடியவை.

அறிவியல் பயிலும் மாணவர்கள் இன்னும் ஒன்று செய்யலாம். களைக்கொல்லிப் புட்டிகளின் மேல் உள்ள எச்சரிக்கைகளைத் தொழிலாளிக்குப் புரியும் மொழியில் சொல்லிக்கொடுக்கலாம். மருந்தடித்த பாட்டிமாரும் அம்மாமாரும் நம்மில் பலர் வீட்டில் இன்னும் இருக்கிறார்கள். எந்தத் தோட்டம், எத்தனை ஆண்டு, என்ன மருந்து, உடம்புக்கு என்ன செய்தது என்று கேட்டு எழுதி வைக்கலாம். அவர்கள் இல்லாத காலத்தில் இதைச் சொல்ல வேறு யாரும் இருக்கமாட்டார்கள்.

அப்படிக் கேட்கும்போது அவர்கள் ‘மருந்து’ என்றே சொல்வார்கள். எழுதும்போது நாம் ‘நஞ்சு’ என்று எழுதுவோம்.